பூவாணி: கத்திப் பிடிக்குள் ஒரு கோலம்

கையால் செய்த கத்தி ஒன்று கைக்கு வந்தால் முதலில் அலகைத்தான் பார்ப்போம். அப்புறம் கண் பிடிக்கு இறங்கும். மரப் பிடியின் நடுவில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு வட்டம். அதற்குள் பித்தளையில் ஆறு புள்ளிகள், நடுவில் ஒரு செம்புப் பொட்டு, இடுக்கெல்லாம் கறுப்பு. குனிந்து பார்த்தால் பூ. இதற்கு ஆங்கிலத்தில் ‘மொசைக் பின்’ என்று பெயர்.

பேச்சில் இந்தப் பெயர் ஓடிவிடும். எழுத்தில்தான் இடறும். ‘மொசைக் பின் ஒட்டவும்’ என்று எழுதிப் பாருங்கள். மொசைக் வேலை முடிந்த பிறகு எதையோ ஒட்டச் சொல்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். போதாததற்கு, மொசைக் என்றாலே நம் மனதில் தரைதான் விரிகிறது. இந்தச் சின்னப் பொருளுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பெயர் தேடுவதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். 8 மி.மீ. வெளி அகலம், 6 மி.மீ. உள்துளை உள்ள பித்தளைக் குழாய் ஒன்று. அதற்குள் 2 மி.மீ. கம்பிகள் ஏழு: நடுவில் ஒன்று செம்பு, சுற்றிலும் ஆறு பித்தளை. ஒரே அளவுள்ள வட்டங்களில், ஒன்றைச் சுற்றிச் சரியாக ஆறுதான் நெருங்கி நிற்கும். அப்படி நின்றால் மொத்த அகலம் ஒரு கம்பியின் மூன்று மடங்கு. அதனால்தான் 2 மி.மீ. கம்பிக்கு 6 மி.மீ. துளை. கணக்கு அப்படி இருந்தாலும் கம்பிகள் உள்ளே நுழைய மயிரிழை இடம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் ஏழாவது கம்பி பாதியில் இறுகி நின்றுவிடும். ஏழு கம்பிகளும் சேர்ந்து துளையின் பரப்பில் ஒன்பதில் ஏழு பங்கை அடைக்கின்றன. மீதி இரண்டு பங்கு வெற்றிடம். அதில் கறுப்புப் பொடி கலந்த எபாக்ஸி பசையை ஒரு முனையிலிருந்து செலுத்தி, மறுமுனையில் அது எட்டிப் பார்க்கும்வரை நிரப்புவார்கள். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் கோலம் எடுபடாது.

பசை இறுகியதும் கிடைப்பது ஒரு நீளமான தண்டு. பக்கவாட்டில் பார்த்தால் வெறும் பித்தளைக் குழாய். எங்கே வெட்டினாலும் வெட்டிய முகத்தில் அதே பூ. கண்ணாடியில் செய்யும் மில்லெஃபியோரி வேலைக்கும் இதே வழிதான்: வண்ணக் கண்ணாடிக் கோல்களைச் சேர்த்து உருக்கி, இழுத்து, குறுக்கே வெட்டினால் வில்லைக்கு வில்லை பூ. அந்த இத்தாலியச் சொல்லுக்கே ‘ஆயிரம் பூக்கள்’ என்றுதான் பொருள்.

சரி, இனி சொல்லுக்கு வருவோம். மொசைக் ஆங்கிலத்துக்கு பிரெஞ்சு வழியாக வந்தது, பிரெஞ்சுக்கு இத்தாலியத்திலிருந்து, அதற்கும் பின்னால் இடைக்கால லத்தீன். வேர் கிரேக்கத்தில் கலைகளுக்கு உரிய தேவதைகளான மியூஸ்களின் பெயரில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மியூசியம் என்ற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளை. பைபிளில் வரும் மோசேயின் சட்டங்களைக் குறிக்க ஆங்கிலத்தில் இதே எழுத்துக்கூட்டலோடு ஒரு சொல் உண்டு, அதற்கும் இதற்கும் உறவு கிடையாது. ‘பின்’ பழைய ஆங்கிலத்தில் முளையை, அதாவது மரத்தில் அடிக்கும் குச்சியைக் குறித்தது. குண்டூசி என்ற பொருளெல்லாம் பிறகு வந்ததுதான். ஆகவே ‘ஊசி’ என்று பெயர்த்தால் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளையும் விட்டுவிடுகிறோம், பொருளின் உருவத்தையும் விட்டுவிடுகிறோம். இதற்குக் கூர்முனையே கிடையாது.

ஆணி பொருந்தும் என்பது என் எண்ணம். ஆணி என்றாலே சுத்தியலால் அடிப்பது என்று நினைக்க வேண்டாம். அச்சாணியும் கடையாணியும் துளைக்குள் செருகி, ஒன்றை நழுவாமல் நிறுத்துபவை. கத்திப் பிடியிலும் அதே வேலைதான். அலகின் இரும்பு பிடி முழுக்க நீளும். அதன் இரண்டு பக்கமும் மரக்கட்டைகள் ஒட்டியிருக்கும். மூன்றையும் ஊடுருவிப் போகும் இந்தத் தண்டு கட்டைகளைப் பக்கவாட்டில் நகரவிடாது. ஆணிமுத்து, ஆணிப்பொன் என்று உயர்ந்ததற்கும் இந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். அழகுக்காகவும் வைக்கும் ஒரு பொருளுக்கு இது கூடுதல் பொருத்தம்.

‘தறையாணி’ என்று சொல்லலாமா? வேண்டாம். தறைவது என்றால் முனையைத் தட்டிப் பரப்பி இறுக்குவது. வெறும் பித்தளைக் கம்பியை அப்படித் தட்டலாம். உள்ளே கோலம் உள்ள தண்டைத் தட்டினால் இதழ்கள் நசுங்கிவிடும். அது பசையில்தான் நிற்கிறது.

முதல் பாதிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ‘பதிப்பாணி’ என்று கொஞ்ச நாள் எழுதினேன். பிறகு ஒரு பிடியைத் திருப்பிப் பார்த்தபோது அது தவறு என்று புரிந்தது. இடப்பக்கம் வலஞ்சுழியாக இருந்த கோலம் வலப்பக்கம் இடஞ்சுழியாக இருந்தது. எழுத்து வடிவில் கம்பிகளை அடுக்கியிருந்தால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியும் தெரியும். மேலே பதித்ததாக இருந்தால் இப்படி நடக்காது. இது ஒரே படம், பிடியின் இந்த முகத்திலிருந்து அந்த முகம்வரை உள்ளே ஓடுகிறது. பதித்தல் என்ற சொல் அந்த ஓட்டத்தை மறைத்துவிடுகிறது.

அதனால் நான் வந்து நின்ற இடம் ‘பூவாணி’. பூ இங்கே மலர் மட்டும் இல்லை. பூவேலை, பூத்தையல் என்னும்போது அலங்கார வேலை எல்லாவற்றையும் அந்த ஓரெழுத்தில் அடக்குகிறோமே, அந்தப் பூ. நட்சத்திரம், சுழி, எழுத்து எதுவானாலும் அதில் அடங்கும். கலைவாணியைப்போல ஒரு பெண்ணின் பெயராகக் காதில் விழலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். விழட்டுமே, எனக்கு அதிலும் மகிழ்ச்சிதான்.

இன்னொரு வசதியும் உண்டு. வெட்டாத நீளத்தையும் வெட்டிப் பொருத்திய துண்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். தமிழில் பிரித்துச் சொல்லலாம்: வெட்டாதது கோலத்தண்டு, பிடிக்குள் போனபின் பூவாணி. 30 செ.மீ. கோலத்தண்டை 25 மி.மீ. துண்டுகளாக அறுத்தால், ரம்பம் தின்னும் தூள் போக, 11 பூவாணிகள் தேறும். துளைக்குள் செருகும் முன் வெளிப்புறத்தை உப்புத்தாளால் கீறிவிட வேண்டும், வழவழப்பான பித்தளையில் பசை பிடிக்காது. பிடியோடு மட்டமாகத் தேய்க்கும்போது அவசரம் கூடாது. சூடு ஏறினால் கறுப்புப் பசை இளகி இதழ்மேல் இழுபடும், வெளிர் மரமாக இருந்தால் பித்தளைத் தூளும் துளைகளில் ஏறிக் கறையாகும். நான்கு தேய்ப்புக்கு ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்திவிடுங்கள், பூவாணி ஆறட்டும்.