கனிம வைப்பு: வைத்தவர் யார்?

என் மாமனார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாளிதழின் வணிகப் பக்கத்தை ஓர் எழுத்து விடாமல் படிப்பார். சென்ற மாதம் ஒரு காலையில் செய்தித்தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "மாப்பிள்ளை, கனடாவின் வடகோடியில் யாரோ துத்தநாகத்தை வைப்பில் போட்டிருக்கிறார்களாம். வட்டி எவ்வளவு என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒரு நிறுவனம் "தனது தொலைதூர வடக்குச் சொத்தில் துத்தநாகம், முன்னணி மற்றும் வெள்ளி வைப்புகளை" ஆராயத் தொடங்கியிருக்கிறது என்று அச்சிட்டிருந்தார்கள்.

முன்னணி என்பது காரீயம். ஆங்கிலத்தில் 'லெட்' என்று ஒலிக்கும் உலோகத்தை, அதே எழுத்துகள் கொண்ட 'லீட்' என்று எண்ணி, தேர்தல் முடிவுபோல முன்னணியில் நிறுத்திவிட்டார்கள். அதைக்கூட மன்னித்துவிடலாம். பார்த்த மாத்திரத்தில் பிழை என்று தெரிந்துவிடும்; யாரும் அதைப் பின்பற்றப் போவதில்லை. 'வைப்பு' அப்படிப்பட்டது அன்று. அதை மொழிபெயர்ப்பு எந்திரம் மட்டும் எழுதவில்லை. படித்தவர்கள், சொல்லாக்கத்தில் அக்கறை உள்ளவர்கள், நல்ல தமிழ் என்று நம்பியே எழுதுகிறார்கள். 'கனிம வைப்பு', 'தாது வைப்பு', 'வெள்ளி வைப்பு' என்று நான் பார்த்துப் பார்த்துச் சலித்த சொல் அது.

மூலச் சொல் 'டெபாசிட்'. லத்தீனில் 'டே' என்றால் கீழே, 'பொனெரே' என்றால் வைத்தல். ஒருவர் நம்பிக்கையின்பேரில் இன்னொருவரிடம் ஒப்படைத்த பொருளே ரோமானியச் சட்டத்தில் 'டெபாசிட்டும்'. வங்கிக்கு அது பொருந்தியது. ஆறு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் வண்டலுக்கும் பின்னர் ஆங்கிலேயர் அதையே சொன்னார்கள்; அங்கிருந்து நிலத்துக்கடியில் கிடக்கும் தாதுவுக்கும் சொன்னார்கள். வேர்க்கதை அவ்வளவுதான்.

நம்மவர் செய்த தவறு இங்கேதான் தொடங்குகிறது. பொருளைப் பார்க்காமல் லத்தீன் வேரைப் பார்த்து, 'கீழே வைத்தது ஆகவே வைப்பு' என்று கட்டிவிட்டார்கள். வேர்ச்சொல்லை மொழிபெயர்ப்பது சொல்லாக்கம் ஆகாது. ஆங்கிலேயரின் பழைய உவமையை நாம் ஏன் நம் தோளில் சுமக்க வேண்டும்?

தமிழில் 'வை' என்பது செய்பவன் ஒருவனைக் கேட்கும் வினை. பானை தானாக அடுப்பில் வைக்காது. யாரோ வைக்க வேண்டும். வைத்தவன் திரும்பி வந்து எடுப்பான் என்ற எண்ணமும் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டே வரும். "அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி" என்கிறார் வள்ளுவர்: ஏழையின் பசியைத் தீர்ப்பதே ஒருவன் தன் பொருளைச் சேர்த்துவைக்கும் இடம். அங்கே வைப்பவன் இருக்கிறான், வைக்கும் இடமும் இருக்கிறது. சொல் கச்சிதமாக உட்காருகிறது. அவரே இன்னோரிடத்தில் "வரனென்னும் வைப்பு" என்று மேலுலகைச் சொல்வார். அங்கே வைப்பு என்றால் இடம். ஆகவே வைப்பு கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. வங்கிக்கு அதைவிட நல்ல சொல் இல்லை. பாறைக்குத்தான் அது ஆகாது.

என் பெரிய வாதம் இதுவும் அன்று. கனிமங்களைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் நமக்கு முன்பே இருந்தார்கள். அவர்கள் சித்த மருத்துவர்கள். அவர்கள் நூல்களில் வைப்பு என்ற சொல்லுக்குத் திட்டவட்டமான ஒரு பொருள் உண்டு. நச்சுத்தன்மை கொண்ட கனிமச் சரக்குகளான பாடாணங்கள் 64 என்பார்கள். அவற்றில் 32 பிறவிப் பாடாணம், அதாவது மண்ணிலும் மலையிலும் தானாகக் கிடைப்பவை. மற்ற 32 வைப்புப் பாடாணம். வேறு சரக்குகளைச் சேர்த்து, அடுப்பேற்றி, மனிதன் ஆக்கியவை. வைப்புச் சரக்கு என்றால் செயற்கைச் சரக்கு. அந்தத் துறையில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் வழக்கு இது. அந்த வழக்கைக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் போய், ஆர்க்டிக் மலையொன்றில் 'துத்தநாக வைப்பு' இருக்கிறது என்று சொல்லுங்கள். "அங்கே யார் உலை வைத்தது?" என்றுதான் கேட்பார். இயற்கையில் கிடைப்பதைச் சொல்ல, இயற்கையில் கிடைக்காதது என்று பொருள்படும் சொல்லையே தேடிப் பிடித்திருக்கிறோம்.

வைப்பு என்ற சொல் சரியாகப் பொருந்திய கனிமக் கதை ஒன்று உண்டு. போர்னியோ தீவின் பூசாங்கில் பெருந்தங்கம் இருப்பதாகக் கனடாவின் பிரே-எக்ஸ் நிறுவனம் அறிவித்து, பங்கு விலை வானத்துக்குப் போனது. 1997-இல் உண்மை வெளியே வந்தது. பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் துகளைக் கலந்திருந்தார்கள். அது அசல் தங்க வைப்பு, யாரோ வைத்தது.

இனி 'படிவு'. வைப்பை மறுப்பவர்களில் பாதிப் பேர் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒப்பிட்டால் இது மேல். படிதல் தானாக நடப்பது, செய்பவன் தேவையில்லை. வண்டல் படிகிறது, தூசி படிகிறது, உப்பு படிகிறது. ஆற்று மணலில் சேரும் கனிமத்துக்கும் ஏரி வற்றித் தங்கும் உப்புக்கும் படிவு என்றே எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் துத்தநாகம், காரீயம், வெள்ளி மூன்றும் கூடிக் கிடக்கும் வடக்கத்திய மலைகளுக்குப் போனால் இச்சொல் வழுக்குகிறது.

கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில், யெல்லோநைஃப் நகருக்கு மேற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தொலைவில், பிரேரி கிரீக் என்ற ஓடையோரம் ஓர் இடம் இருக்கிறது. சுற்றிலும் நகான்னி தேசியப் பூங்கா. அங்கே தாது முக்கியமாக இரண்டு கோலங்களில் கிடைக்கிறது. ஒன்று, பாறை பிளந்த இடுக்குகளில் வெண்கல்லோடு சேர்ந்து, ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும் கொடி. காரீயத் தாதுவான கலீனாவும் துத்தநாகத் தாதுவான ஸ்பாலரைட்டும் வெள்ளி செறிந்த செம்புத் தாதுவும் அதில் பின்னிக் கிடக்கின்றன. மற்றொன்று, பாறை அடுக்குக்குள்ளேயே அடுக்கோடு ஒட்டிப் பரவியது. செங்குத்துப் பிளவில் எது படியும்? சூடான உப்புநீர் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு அந்தப் பிளவு வழியே வந்தது. கந்தகத்தைச் சந்தித்த இடத்தில் உலோகம் அதனோடு கூடி இறுகியது. மேலிருந்து கீழே விழுந்து தங்கிய கதை அன்று.

அலாஸ்காவின் ரெட் டாக் சுரங்கத்தைக் காட்டி என்னை மடக்கலாம். துருநிறமேறிய ஓடைகள் காட்டிக்கொடுத்த இடம் அது. 1968-இல் புவியியலாளர் இர்வ் டைலூர் அங்கே மாதிரி எடுத்தார், 1989-இல் உற்பத்தி தொடங்கியது. அந்தத் தாது இருப்பது பழைய கடலடிச் சேறு இறுகிய கரும்பாறையில்தானே, அது படிவுதானே என்பார்கள். சேறு படிந்தது, ஒப்புக்கொள்கிறேன். உலோகம் படியவில்லை. ஆழத்திலிருந்து ஏறிவந்த சூட்டுநீர் அந்தச் சேற்றுக்குள் புகுந்து சேர்த்தது அது. பாத்திரம் படிவு என்பதால் பண்டமும் படிவு ஆகிவிடாது.

என் சொல்: தாதுத் திரள்.

ஏன் திரள் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பூமியின் மேலோட்டில் எங்கே ஒரு டன் பாறையை எடுத்தாலும் சராசரியாக 70 கிராம் அளவுக்குத் துத்தநாகம் இருக்கும். காரீயம் 15 கிராம் அளவில் இருக்கும். வெள்ளி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. எல்லாப் பாறையிலும் இருக்கிறது, ஆனால் எதிலும் இல்லாததுபோலவே இருக்கிறது. நூற்றுக்கு 7 பங்கு துத்தநாகம் உள்ள தாது என்றால் டன்னுக்கு 70 கிலோ. சராசரியைப்போல ஆயிரம் மடங்கு. புவியியலாளர் தேடிப் போவது அந்த ஆயிரம் மடங்கைத்தான். பரவிக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது ஓரிடத்தில் கூடிக் கெட்டிப்படுவதற்குத் தமிழில் என்ன பெயர்? மோரில் வெண்ணெய் திரள்கிறது. மேகம் திரள்கிறது. மக்கள் திரள்கிறார்கள். எங்கள் ஊர்ப் பாட்டிகள் வயதுக்கு வந்த பெண்ணைத் 'திரண்டுவிட்டாள்' என்பார்கள். வைத்தவன் வேண்டாம், மேலிருந்து விழ வேண்டாம். கொடியாக இருந்தாலும் அடுக்காக இருந்தாலும் திரள் திரள்தான்.

உருண்ட கற்கள் ஒட்டிய பாறையைச் சிலர் திரள்பாறை என்கிறார்களே, குழப்பம் வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். 'தாது' முன்னால் நிற்கும்வரை வராது.

மொழிபெயர்ப்பாளர்கள் இன்னொரு கேட்டையும் சேர்த்துச் செய்கிறார்கள். திரளுக்கும் வைப்பு, இருப்புக்கும் வைப்பு. இரண்டுக்கும் நடுவே மலையும் மடுவும்போல வேறுபாடு. திரள் என்பது அங்கே இருக்கிறது, அவ்வளவே. துளையிட்டு, பாறைத் தண்டுகளை எடுத்து, சோதனைக்கூடத்தில் பகுத்து, இவ்வளவு டன், இவ்வளவு செறிவு என்று மதிப்பிட்டால் அது வளம். தோண்டி, பிரித்து, விற்றால் இலாபம் நிற்கும் என்று கணக்குக் காட்டிய பகுதி மட்டுமே இருப்பு. பிரே-எக்ஸ் மோசடிக்குப் பிறகு கனடா 2001-இல் இதற்கென்றே விதிமுறை வகுத்து, வளத்தையும் இருப்பையும் கலந்து பேசக்கூடாது என்று கட்டாயப்படுத்தியது. அவர்கள் சட்டம் போட்டுப் பிரித்ததை நம் வணிகப் பக்கம் ஒரே சொல்லில் போட்டுக் குழைக்கிறது. படித்துவிட்டுப் பங்கு வாங்குகிறவர் பாடு என்ன ஆவது?

'சொத்து' இன்னும் மோசம். ஆங்கிலத்தில் சுரங்கக்காரர்கள் 'பிராப்பர்ட்டி' என்று சொல்வது, நிலத்தடிக் கனிமத்தைத் தேடவும் எடுக்கவும் பெற்ற உரிமங்களின் தொகுப்பை. மேலே இருக்கும் நிலம் பெரும்பாலும் அவர்களுடையது அன்று. 'உரிமப் பரப்பு' என்று எழுதினால் போதும். பத்திரம் பதிந்து பட்டா வாங்கியதுபோல ஏன் சொத்து என்று எழுத வேண்டும்? 'ஆராய்கிறது' என்பதும் அப்படித்தான். அங்கே நடப்பது தேடல். பனி உருகிய சில வாரங்களுக்குள் ஹெலிகாப்டரில் இறங்கி, ஓடை மண்ணை அள்ளிச் சோதித்து, துளைபோடும் எந்திரத்தை மலைச்சரிவில் நிறுத்தி, உலோகம் எங்கே என்று நாயாக அலைவது. அகநானூற்றுக்கு உரை எழுதுவதற்கும் இதற்கும் ஒரே வினைச்சொல்லா? கனிமத் தேடல் என்று சொன்னால் தமிழ் இறங்கிப்போய்விடும் என்று அஞ்சுகிறார்கள்போலும்.

கனடாவின் பாஃபின் தீவின் வடக்கே நானிசிவிக் என்ற சுரங்க ஊர் இருந்தது. 1976 முதல் 2002 வரை துத்தநாகமும் காரீயமும் வெள்ளியும் எடுத்தார்கள். அங்குள்ள இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள், 'பொருள்கள் கண்டெடுக்கப்படும் இடம்'. அங்கே யாரும் எதையும் வைத்ததாக அந்த மக்கள் பெயரிடவில்லை.

மாமனாரிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திரள் நன்றாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை, ஆனால் உங்கள் பிரேரி கிரீக் என்ன ஆயிற்று?" என்றார். 1980-இன் தொடக்கத்தில் வெள்ளி அவுன்சு ஐம்பது டாலரை எட்டிப் பிடிக்கப் பார்த்தது; அந்த வேகத்தில் மலைக்குள் சுரங்கம் குடைந்து, ஆலை கட்டி, பனிச்சாலை போட்டார்கள். 1982-இல் எல்லாம் ஏறக்குறைய முடிந்த வேளையில் வெள்ளி ஆறு டாலருக்கும் கீழே போய்விட்டது. அடுத்த ஆண்டே நிறுவனம் நொடித்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த ஆலையிலிருந்து ஒரு வண்டித் தாதுகூட விற்பனைக்குப் போகவில்லை.

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை" என்றார் அவர். வணிகப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுக் குறுக்கெழுத்துப் புதிருக்குப் போனார்.