ஒற்றை டிக்கும் ஓயாத சந்தேகமும்

உளவியல் திகில் தொடர்களில் காதல் வெறி பிடித்தவர் போனைத் திருட்டுத்தனமாகப் பார்த்தால், அடுத்த காட்சிக்குள் ஒரு துப்புக் கிடைத்துவிடும். கதை நகர அது வேண்டும். நிஜத்தில் பெரும்பாலும் எதுவும் சிக்குவதில்லை. ஆனாலும் தேடல் நிற்பதில்லை.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர், கொழும்புத் துணிக்கடையில் வேலை செய்யும் காதலி விடுமுறைக்கு ரயிலேறியதும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாம்பல் நிறத்தில் ஒற்றை டிக். செய்தி அவளுடைய போனைச் சென்றடையவில்லை, அவ்வளவுதான். சார்ஜ் இறங்கியிருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம், ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் இருக்கலாம். பிளாக் செய்தாலும் ஒற்றை டிக்தான் நிற்கும். சந்தேக மனம் பற்றிக்கொள்வது அந்தக் கடைசிச் சாத்தியத்தை.

நெஞ்சு படபடக்கிறது, போனை எடுக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். ஒருமுறை நீல டிக் விழுந்ததும் அப்பாடா என்றிருக்கிறது. சிக்கல் இந்த நிம்மதியில்தான் இருக்கிறது. பரிசு எந்தத் தடவை கிடைக்கும் என்று தெரியாதபோது பழக்கம் மிக உறுதியாக வேரூன்றும் என்பதைப் புறாக்களைக் கொண்டு உளவியலாளர் ஸ்கின்னர் காட்டினார். பார்த்ததால்தான் பதற்றம் தணிந்தது என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த பதற்றத்துக்கும் அதே மருந்தைக் கேட்கிறது.

காதலில் விழுந்த 17 பேரின் மூளையை ஆய்வாளர்கள் ஆரனும் ஃபிஷரும் குழுவினரும் படமெடுத்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், காதலரின் படத்தைக் கண்டதும் ஆசையைத் தூண்டும் வேதிப்பொருளான டோபமைன் சுரக்கும் நடுமூளைப் பகுதி தூண்டப்பட்டது. ஈர்ப்பின் வேகம் அதில் புரியும். சந்தேகத்துக்கு அதையே காரணமாகக் காட்டுவது அவசரம்.

'நினைக்காதே' என்று மனதை அதட்டுவதால் பயனில்லை. ஒன்றை நினைக்காமலிருக்க முயன்றால் அதுவே திரும்பத் திரும்ப வரும் என்பதை உளவியலாளர் வெக்னர் 1987இல் பரிசோதித்துக் காட்டினார். பார்ப்பதைத் தள்ளிப்போடுவதுதான் பலன் தரும். உந்துதல் எழுந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு முதலில் 10 நிமிடம், சில நாளில் 20, பிறகு ஒரு மணி நேரம் எனக் கூட்டலாம். பார்க்காமலேயே பதற்றம் ஏறி இறங்குவதை உடம்பு அனுபவிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு ஃபேஸ்புக் லைக்குகளை எண்ணுவார்கள், இல்லையென்றால் தோழியிடம் விசாரிப்பார்கள். அதுவும் வேவுதான். துணைவரும் ஒரே கேள்விக்கு ஒருமுறை மட்டும் பதில் சொல்வது நல்லது; பத்தாவது சத்தியமும் அரை மணி நேரம்தான் தாங்கும். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் அடங்கிவிடும் என்று நம்பவே வேண்டாம்.

எந்தச் சான்றுக்கும் அசையாத நம்பிக்கையாகச் சந்தேகம் இறுகிவிட்டால் அது வேறு நோய். நீண்டகாலக் கடும் குடிப்பழக்கத்தோடு இது சேர்ந்து வருவதுண்டு. அதற்கு இந்தப் பயிற்சி போதாது, மனநல வைத்தியர் வேண்டும். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். பின்தொடர்தல், மிரட்டல், கழுத்தை நெரித்தல் என்று போனால் அடுத்த தடவைக்குக் காத்திருக்கக் கூடாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உயிருக்கு ஆபத்தென்றால் பொலிஸ் 119.