பக் என்றால் வட்டு

பனி ஹாக்கியில் வீரர்கள் வளைந்த மட்டையால் தள்ளியும் அடித்தும் வலைக்குள் சேர்க்கப் பார்க்கும் கறுப்பு ரப்பர் துண்டுக்கு 'பக்' என்று பெயர். நம் செய்திகளில் பெரும்பாலும் 'பந்து' என்றே எழுதிவிடுகிறார்கள். அது பந்து இல்லை. பந்தாக இருக்கக்கூடாது என்பதற்காகவே உருவான பொருள் அது. அதனால் இந்த ஒரு சொல்லையாவது சரியாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.ஹெச்.எல். ஆட்டங்களில், பக்கின் குறுக்களவு 3 அங்குலம், தடிமன் 1 அங்குலம். எடை 156 முதல் 170 கிராம் வரை. கையில் எடுத்தால் சின்னக் கருப்பட்டி வட்டு ஒன்றைப் பிடித்த மாதிரி கனமாக, இறுக்கமாக இருக்கும். மேலும் கீழும் வழவழப்பு. விளிம்பில் மட்டும் விரலை ஓட்டினால் சொரசொரப்பு தட்டுப்படும். மட்டையின் முனையில் சுற்றியிருக்கும் துணி நாடாவில் பக் பிடிபட வேண்டும் என்பதற்காகவே விளிம்பு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக வரி போட்டிருக்கிறார்கள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய ரப்பர் இது. ரப்பர் என்றால் துள்ளத்தானே செய்யும்? அதனால் ஆட்டத்துக்கு முன்பே உறைய வைத்துவிடுவார்கள். நன்றாகக் குளிர்ந்த பக் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆட்டத்தின் நடுவே சூடேறிவிட்டால் அதை எடுத்துவிட்டு, குளிர்பெட்டியில் இருக்கும் வேறொன்றைப் போடுவார்கள்.

பந்து போய் இந்தத் தட்டையான பொருள் வந்த கதை கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் தொடங்குகிறது. 1875 மார்ச் 3ஆம் தேதி, விக்டோரியா சறுக்கு அரங்கில், அணிக்கு 9 பேராக ஓர் ஆட்டம் நடந்தது. நடத்தியவர் கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள ஹாலிஃபாக்ஸ் ஊரிலிருந்து வந்து குடியேறியிருந்த ஜேம்ஸ் கிரைட்டன். முன்கூட்டியே அறிவித்து, கூரைக்குக் கீழே ஆடிய முதல் பனி ஹாக்கி ஆட்டம் என்று வரலாற்றில் குறிப்பிடுவது இதைத்தான். அன்று காலை வெளியான மாண்ட்ரியல் நாளிதழில் ஆட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. பந்து தாறுமாறாகப் பறந்து பார்வையாளர்களைத் தாக்குமோ என்று சிலர் பயப்படுவதாகவும், ஆனால் தட்டையான வட்ட மரத்துண்டை வைத்து ஆடப்போவதால் அது பனிப்பரப்பை விட்டு எழும்பும் அபாயம் இல்லை என்றும் அந்தக் குறிப்பு சொன்னது. திறந்தவெளி ஏரியில் ஆடும்போது பந்து எங்கே போனாலும் சரி. நான்கு சுவருக்குள், சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போது அப்படி விட முடியாதே.

அந்த நம்பிக்கை ரொம்ப காலம் நிலைக்கவில்லை. மரத்துண்டு ரப்பராக மாறியது. மட்டை வீச்சும் பலத்தது. பக் பறக்கத் தொடங்கியது. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆண்டி பாத்கேட் அடித்த பக், மாண்ட்ரியல் கனேடியன்ஸ் கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்ட பிளான்ட், முகக்கவசம் இல்லாமல் இனி இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு இதில் விருப்பமே இல்லை. ஆனாலும் கவசத்தோடுதான் அன்று பிளான்ட் மீண்டும் களத்துக்கு வந்தார். இன்று முகக்கவசம் இல்லாத கோல்காப்பாளரைப் பார்க்கவே முடியாது. 2012இல் திறன் போட்டி ஒன்றில் ஸ்டெனோ சாரா அடித்த அடியின் வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர். இதே மாதிரி ரப்பர் துண்டு ஒன்று 2002 மார்ச்சில் கொலம்பஸ் நகர அரங்கில் பார்வையாளர் பகுதிக்குப் பறந்துபோய் 13 வயதுச் சிறுமி ஒருத்தியின் உயிரைப் பறித்தது. அதற்கு அடுத்த பருவத்திலிருந்து, கோல் வலைகளுக்குப் பின்னால் இருக்கும் பார்வையாளர் பகுதியை மறைத்து உயரமாக வலை கட்ட வேண்டும் என்று என்.ஹெச்.எல். கட்டாயமாக்கியது. 1875இல் பார்வையாளர்கள் பயந்ததில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

சரி, 'பக்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? கிரைட்டனின் ஆட்டத்துக்கு அடுத்த ஆண்டு, 1876 பிப்ரவரியில், மாண்ட்ரியல் நாளிதழின் ஆட்டச் செய்தியில் இந்தச் சொல் அச்சேறிவிட்டது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் பக் என்னும் குறும்புத் தேவதையின் பெயரைத்தான் வைத்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. துறுதுறுவென்று ஓடுவதால் அந்தப் பெயர் பொருத்தமாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தேவதையின் பெயர் பழைய ஆங்கிலத்தில் பேய், பூதத்தைக் குறித்த வேறொரு சொல்லின் வழியில் வந்தது. ஆட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அகராதிகள் காட்டுகிற வழி அயர்லாந்துக்குப் போகிறது. ஐரிஷ் மொழியில் 'பொக்' என்றால் குத்து, அடி. அங்கே ஹர்லிங் என்று ஒரு பழைய மட்டையாட்டம் இருக்கிறது. அதில் மட்டையால் பந்தை அடிக்கும் அடிக்குப் பெயரே 'பக்'தான். கோல்காப்பாளர் பந்தைத் தட்டி ஆட்டத்தை மீண்டும் தொடங்குவதை இன்றும் 'பக் அவுட்' என்கிறார்கள். கிரைட்டன் வளர்ந்த ஹாலிஃபாக்ஸ் பகுதியில் ஐரிஷ்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் நிறையக் குடியேறியிருந்தார்கள். அங்கே பனியில் ஆடிய ஆட்டத்தையே 'ஹர்லி' என்று அழைத்ததும் உண்டு. அந்த வட்டார மிக்மா பழங்குடியினர் செதுக்கிய மட்டைகள் பேர்போனவை. ஆக, அடியின் பெயர் அடிபடும் பொருளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழிலும் இது நடப்பதுதான். பூட்டுகிற வேலையும் பூட்டு, பூட்டும் பொருளும் பூட்டு.

மற்ற மொழிக்காரர்கள் இந்தச் சொல்லை என்ன செய்தார்கள் என்று பார்த்தால் நமக்கு வழி தெரிகிறது. கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர்கள் 'ரோந்தெல்' என்கிறார்கள். ரஷ்யர்கள் 'ஷைபா' என்கிறார்கள். இரண்டுக்குமே நம் மெக்கானிக் கடையில் 'வாஷர்' என்று கேட்டு வாங்குகிற பொருள் உண்டு. திருகாணிக்கு அடியில் போடும் வட்டத் தகடு. அந்நியப் பொருள் ஒன்று வந்ததும், பட்டறையில் ஏற்கெனவே கிடந்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

ரஷ்யக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அங்கே பனியில் பந்தை வைத்து ஆடும் ஹாக்கி ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. கனடா முறை ஆட்டத்துக்கு சோவியத் நாட்டில் முதல் தேசியப் போட்டி 1946 டிசம்பரில்தான் தொடங்கியது. அப்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. ஒன்று 'பந்து ஹாக்கி', இன்னொன்று 'ஷைபா ஹாக்கி' என்று பெயரிட்டார்கள். எதை வைத்து ஆடுகிறோம் என்பதே பெயராகிவிட்டது. எட்டே ஆண்டுகளில், 1954இல் ஸ்டாக்ஹோமில், முதல்முறையாக உலக சாம்பியன்ஷிப் போட்டிக்கு வந்த சோவியத் அணி, கனடாவுக்காக ஆட வந்த ஈஸ்ட் யார்க் அணியை 7க்கு 2 என்று வீழ்த்திப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனது. ரஷ்ய ரசிகர்கள் கோல் வேண்டும் என்றால் 'ஷைபு! ஷைபு!' என்று ஒரே குரலில் கத்துவார்கள். ஷைபாவைப் போடு என்று அர்த்தம். 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ஓர் அரங்குக்குப் பெயரே 'ஷைபா'.

பின்லாந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் மொழியில் இந்த ஆட்டத்தின் பெயர் 'யாகியெக்கோ'. முதல் பாதி பனிக்கட்டி, இரண்டாம் பாதி வட்டு. தடகளத்தில் நாம் வட்டெறிதல் என்கிறோமே, அதற்கும் அவர்களுக்கு இதே 'கியெக்கோ'தான். ஹங்கேரியிலும் பனிக்கட்டியையும் வட்டையும் சேர்த்துத்தான் ஆட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மட்டைக்கு அந்தப் பெயர்களில் இடமே இல்லை.

இனி தமிழுக்கு வருவோம். ஹாக்கிக்கு நம்மிடம் வளைதடிப் பந்தாட்டம் என்ற சொல் இருக்கிறது. புல்தரை ஹாக்கிக்கு நல்ல சொல். அதன் முன்னால் 'பனி'யை ஒட்டவைத்துப் பனி வளைதடிப் பந்தாட்டம் என்று எழுதும்போதுதான் தப்பு நேர்கிறது. இல்லாத பந்து ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. 'பக்' என்றே எழுதலாமே என்றால், கணினிக்காரர்கள் மென்பொருள் பிழையையும் அதே எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். விளையாட்டுப் பக்கத்தில் படிப்பவருக்குக் குழப்பம் வராது என்றாலும், சொல்லைப் பார்த்ததும் பொருளின் வடிவம் கண்ணில் தெரியாது.

'தட்டு' சரிவராது. சோறு போடும் தட்டுதான் நினைவுக்கு வரும், வினைச்சொல்லாகவும் குழப்பும். 'சில்லு' எனக்குப் பிடித்த சொல். சில்லுக்கோடு ஆடிய யாருக்கும், தரையில் தள்ளப்படும் தட்டையான துண்டு என்றால் அதுதான் முதலில் தோன்றும். ஆனால் ஈழத்தமிழில் சில்லு என்றால் வண்டிச் சக்கரம். பனி ஹாக்கியை வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் இருப்பது டொராண்டோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும்தான். அவர்களில் பெரும்பாலோர் ஈழத்துக் குடும்பங்கள். அவர்களிடம் போய் 'சில்லை அடித்தார்' என்று எழுதினால் சக்கரத்தை அடித்ததாகத்தான் ஆகும்.

வட்டு அப்படியில்லை. வட்டெறிதல், குறுவட்டு, வன்வட்டு என்று எல்லாத் தமிழரும் தட்டையான வட்டப் பொருளுக்கு ஏற்கெனவே புழங்குகிற சொல். அப்புறம், ஆட்டத்தோடு அதற்குள்ள உறவு மிகப் பழையது.

அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய
நூலின்றிக் கோட்டி கொளல்.

திருக்குறளின் 401ஆம் பாட்டு. நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசப் போவது, அரங்கு வகுக்காமல் வட்டாடுவது போன்றது என்கிறார் வள்ளுவர். இங்கே அரங்கு என்பது கட்டடம் இல்லை. ஆடுவதற்காகத் தரையில் கோடு போட்டு வகுத்த இடம். நற்றிணையின் மூன்றாம் பாட்டு இதைக் கண்ணெதிரே காட்டுகிறது. வேப்பமரத்தின் புள்ளி புள்ளியான நிழலில், பொன் உரைக்கும் கட்டளைக் கல் போல 'வட்டு அரங்கு இழைத்து', சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். நெல்லிக்காய் தட்டை இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் வட்டாடலை உண்டை உருட்டல் என்றே விளக்குகிறார். அந்தக் கால வட்டு உருண்டையாகவும் இருந்திருக்கிறது. இன்றைய தமிழில் அது தட்டையான பொருளுக்கு நிலைத்துவிட்டதால் நமக்குத் தடை ஏதும் இல்லை. கோடு போட்ட தரையில் ஆட்டத்துக்காகத் தள்ளப்படும் பொருள் என்ற பொருள் இரண்டாயிரம் ஆண்டுப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது.

அதே இரண்டு பாட்டுகளும் இன்னொரு சொல்லையும் கையில் கொடுக்கின்றன. பனி ஹாக்கி ஆடும் இடத்தை ஆங்கிலத்தில் 'ரிங்க்' என்பார்கள். ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து வந்தது, வரிசை என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்புடையது. பெரிய கட்டடத்துக்கு 'அரீனா'. அதன் லத்தீன் மூலத்துக்கு மணல் என்று பொருள். ரோமாபுரியில் ரத்தம் உறிஞ்ச மணல் பரப்பிய களத்தின் பெயர் பனிக்களத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் அரங்கு போதும். 1862இல் திறந்த மாண்ட்ரியல் விக்டோரியா அரங்கின் பனித்தளம் 204 அடிக்கு 80 அடி. இன்றைய என்.ஹெச்.எல். தளம் 200 அடிக்கு 85 அடி. பழைய தளத்தின் அளவை ஒட்டியே இன்றும் ஆடுகிறார்கள். வெள்ளைப் பனியின் நடுவே சிவப்புக் கோடு, இருபுறமும் நீலக் கோடுகள். கோடு போட்டு வகுத்த இடத்துக்குத்தானே அரங்கு என்று பெயர்.

ஆகவே பக்குக்கு வட்டு, ரிங்க்குக்குப் பனியரங்கு, ஆட்டத்துக்குப் பனிவட்டாட்டம். பனி என்ற சொல் பனித்துளியையும் மூடுபனியையும் குறிக்கும் என்பது தெரியும். பனிச்சறுக்கு என்று சொல்லிப் பழகிவிட்ட நமக்கு அது இடைஞ்சலாகாது. ஆட்டத்தின் தொடக்கத்தில் நடுவர் இரு வீரர்களுக்கு நடுவே பக்கைப் போடுவதை வட்டு வீழ்த்தல் என்று சொல்லலாம். பக்கைத் தன் மட்டையிலேயே வைத்துக்கொண்டு போவதற்குத் தனிச்சொல் தேவையில்லை, 'வட்டு அவரிடம் இருக்கிறது' என்றாலே விளங்கும்.

எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும். '2025 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் யு.பி.எஸ். அரங்கில், வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியின் அலெக்ஸாண்டர் ஒவெச்கின் வட்டை வலைக்குள் அடித்துத் தன் 895ஆவது கோலைப் போட்டார். வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனை முறிந்தது.' இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கு வீடு லடாக். அங்குள்ள பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் இந்திய மகளிர் அணி 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. அவர்களுடைய அடுத்த வெற்றியை எழுதும் விளையாட்டுச் செய்தியாளர், பந்து என்பதை அடித்துவிட்டு அந்த இடத்தில் வட்டு என்று போட்டால் போதும்.