தொட்டிக்குள்ளேயே குடியிருக்கும் கருவி

கல்லூரியில் வேதியியல் படித்த காலத்தில், மழைக்கு அப்புறம் பாலாற்றில் தண்ணீர் ஓடிய ஒரு வாரம், ஆம்பூர் பக்கம் போய் இரண்டு பாட்டிலில் ஆற்று நீர் பிடித்தேன். இரண்டும் ஒரே இடத்தில், அடுத்தடுத்துப் பிடித்தவை. ஒன்றில் மட்டும் கரையிலேயே உட்கார்ந்து மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு மூடினேன். உள்ளே பழுப்பு நிறத்தில் வண்டல் இறங்கியது. இன்னொன்றை அப்படியே மூடினேன். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். ஆய்வகத்தில் அளந்து பார்த்தால், கரையில் மருந்து விட்ட பாட்டிலில்தான் கரைந்த ஆக்சிஜன் தெளிவாக அதிகம். சும்மா மூடிய பாட்டிலில் இருந்த நுண்ணுயிர்கள் வழியெல்லாம் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே வந்திருக்கின்றன.

அந்தப் பழுப்பு வண்டல், ஹங்கேரி வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888-ல் வெளியிட்ட முறை. தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை எடுத்த இடத்திலேயே மாங்கனீசோடு கட்டிப்போட்டுவிட்டால், பிறகு நிதானமாக அளக்கலாம். ஆனால் அதுவும் அந்த ஒரு நிமிடத்தின் கணக்குதான். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் எப்படி இருந்தது என்று அந்தப் பாட்டில் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள, அளக்கும் கருவியே தண்ணீருக்குள் இறங்கி அங்கேயே குடியிருக்க வேண்டும். இருந்த இடத்திலேயே அளப்பது என்பதை ஆய்வாளர்கள் லத்தீனில் 'இன் சிட்டு' என்கிறார்கள்.

பழைய வட ஆற்காட்டில் இதற்கு நேர் எதிரான அளவையும் உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மேலே ஏறினால் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில், யுரேனஸ் மறைப்பதற்கு முன்பே ஒரு விண்மீனின் ஒளி மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்று உலகுக்குத் தெரியவந்தது அன்றைய மறைப்பில்தான். அளக்கும் பொருளை அங்கே யாரும் தொட முடியாது. மலைக்குக் கீழே தோல் தொழிற்சாலைகளில் தொடாமல் எதுவும் தெரியாது.

குரோமியம் உப்பால் தோலைப் பதனிடும் சுழல் டிரம்மைப் பாருங்கள். சுண்ணாம்பு நீக்கிய தோலை முதலில் உப்பும் அமிலமும் கலந்த நீரில் உருட்டுவார்கள். அமிலம் வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல ஊறும். ஊறியதா என்று பார்க்க, அனுபவப்பட்டவர் தடித்த இடத்தில் கத்தியால் ஒரு கீறு வெட்டி, வெட்டுமுகத்தில் புரோமோகிரீசால் பச்சை என்ற நிறங்காட்டியை ஒரு சொட்டு விடுவார். பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம். பிஎச் 3.8-க்குக் கீழே அந்த நிறங்காட்டி மஞ்சள், 5.4-க்கு மேலே நீலம், இடையில் பச்சை. ஓரமெல்லாம் மஞ்சளாகி நடுவில் மட்டும் நீலக் கோடு தெரிந்தால் டிரம் இன்னும் சுற்ற வேண்டும். அந்தக் கோடு மறைந்த பிறகே அடுத்த வேலை. எனக்குத் தெரிந்து இதைவிட அழகான அளவை அந்தத் தொழிலில் கிடையாது. தோலின் உள்ளே நடப்பதைத் தோலே காட்டுகிறது.

அடுத்து குரோம். பிஎச் 3 அளவில் குரோம் தோல் நாரோடு அதிகம் ஒட்டாது. அதனால் ஆழம்வரை போகும். போன பிறகு மெல்லக் காரம் சேர்த்து பிஎச்சை 4-க்கு அருகில் கொண்டுவந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டுக் காரத்தைக் கொட்டினால் மேற்பரப்பிலேயே பிடித்து, தோலின் முகம் கரடுமுரடாகி, நடுப்பகுதி பதனிடப்படாமலே நின்றுவிடும். மணிக்கணக்கில் நடக்கும் இந்த வேலைக்குத் தொடர்ந்து பிஎச் தெரிய வேண்டும். ஆனால் சுற்றும் டிரம்முக்குள் ஒயர் விட முடியாது. அதனால் நவீன டிரம்களில் அச்சுத்தண்டைக் குழாயாக வைத்து, திரவத்தை அதன் வழியே வெளியே இழுத்து, சென்சாரைக் கடக்க வைத்து, மறுபடியும் உள்ளே விடுகிறார்கள்.

பிஎச் சென்சாரின் முனையில் இருப்பது ஒரு மெல்லிய கண்ணாடிக் குமிழ். சாதாரணக் கண்ணாடி இல்லை; நீரில் நனைந்தால் அதன் மேற்பரப்பு கூழ்மம்போல் இளகி, ஹைட்ரஜன் அயனிகளோடு கொடுக்கல் வாங்கல் நடத்தும். குமிழுக்கு உள்ளே பிஎச் தெரிந்த திரவம். வெளியே நாம் அளக்க வேண்டிய திரவம். இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணாடிக்குக் குறுக்கே மின்னழுத்தமாகத் தெரியும்: 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட். 40 டிகிரியில் அதுவே 62. எனவே வெப்பநிலை தெரியாமல் பிஎச் சொல்ல முடியாது. பெரும்பாலும் வெப்ப சென்சார் ஒன்றும் அதே குழலுக்குள் உட்கார்ந்திருக்கும். ஃபிரிட்ஸ் ஹேபரும் கிளெமென்ஸீவிச்சும் இந்தக் கண்ணாடி மின்முனையை ஆராய்ந்தது 1909-ல்.

மின்னழுத்தத்தை அளக்க இரண்டு முனை வேண்டும். இரண்டாவது முனை, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மூழ்கிய வெள்ளிக் கம்பி. இது ஒரு நுண்துளை அடைப்பு வழியாகத்தான் வெளித் திரவத்தைத் தொடுகிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் இந்த முனைக்குத்தான் ஆபத்து. முடி நீக்கச் சேர்த்த சல்பைடு உள்ளே புகுந்தால் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பு வெள்ளி சல்பைடாகி, துளையை அடைத்துவிடும். கண்ணாடிக் குமிழ் பளபளவென்று நன்றாகவே இருக்கும். திரையில் எண் மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். இதனால்தான் இங்கே இரண்டு அறைகள் கொண்ட மின்முனைகளைக் கேட்டு வாங்குகிறார்கள். வெளி அறை கெட்டாலும் வெள்ளி கொஞ்ச காலம் தப்பிக்கும்.

டிரம்மை விட்டு வெளியேறும் நீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இந்தப் பக்கத்தில் அறியாதவர் குறைவு. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் அது உறுதிப்படுத்தியது. நிலையத்தின் உயிர்நாடி காற்றூட்டும் தொட்டி. அடியிலிருந்து ப்ளோயர் காற்றைத் தள்ள, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் ஆக்சிஜன் கரைந்திருந்தால் அவற்றுக்குப் போதும். அதற்கு மேல் தள்ளுவது மின்கட்டணத்துக்குத்தான் கேடு. 25 டிகிரி நீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 35 டிகிரியில் 7-க்கு அருகில் வந்துவிடும். வேலூர் வெயிலுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

இந்தத் தொட்டிக்குள் வைக்கும் ஆக்சிஜன் சென்சாரின் முன்னோடி, லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளப்பதற்காக 1950-களில் செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குப் பின்னால் பிளாட்டினமும் வெள்ளியும். படலம் வழியே வரும் ஆக்சிஜன் பிளாட்டினத்தில் வினைபுரிந்து மின்னோட்டம் தரும். இதில் இரண்டு சிக்கல். அளக்கும்போதே ஆக்சிஜனைச் செலவழிப்பதால், நீர் அசையாமல் நின்றால் குறைத்துக் காட்டும். அப்புறம், ஹைட்ரஜன் சல்பைடும் அதே படலம் வழியே நுழைந்து வெள்ளியைக் கெடுக்கும்.

இப்போது வரும் ஒளி சென்சார்களில் இரண்டும் இல்லை. முனையில் சாயம் பூசிய ஒரு வில்லை. அதன்மேல் நீல ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால் சாயத்தின் ஆற்றலைப் பறித்துக்கொள்ளும். ஒளிர்வு சீக்கிரம் அணையும். அணைய எத்தனை மைக்ரோ விநாடி ஆகிறது என்பதைக் கருவி கணிக்கிறது. பிரகாசத்தை நம்பாமல் நேரத்தை நம்புவதால், சாயம் கொஞ்சம் வெளுத்தாலும் எண் அவ்வளவாகக் கெடாது.

ஆனால் எந்தச் சென்சாருக்கும் தன் முகத்தைத் தொடும் நீர்தான் தெரியும். அந்த முகத்தில் நுண்ணுயிர்கள் வழவழப்பாகப் படிந்துவிட்டால், வில்லைக்கு வந்து சேருமுன்பே ஆக்சிஜனை அவை தின்றுவிடும். தொட்டியில் 2 இருக்கும். திரை 1 என்று காட்டும். தானியங்கி முறை அதை நம்பி ப்ளோயரை முடுக்கும். யாருக்கும் சந்தேகமே வராமல் வாரக்கணக்கில் மின்சாரம் வீணாகும். எதிர்ப்பக்கமும் உண்டு: காற்றுக் குமிழி வில்லையில் ஒட்டிக்கொண்டால் எண் ஏறும். அதைத் தவிர்க்க, சென்சாரைச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் 45 டிகிரி சாய்த்துப் பொருத்துவார்கள். குமிழி வழுக்கி மேலே போய்விடும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் பதினேழு வகைத் தொழில்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. தோல் தொழிலும் அதில் உண்டு. இருந்த இடத்தில் அளந்த எண்கள் இப்போது நேராகச் சர்வருக்குப் போகின்றன. அந்த எண் எவ்வளவு உண்மை என்பது கடைசியில் தொட்டி மேட்டில் நிற்கும் ஆபரேட்டரின் கையில் இருக்கிறது. அவர் ஆக்சிஜன் சென்சாரைத் தூக்கி, வழவழப்பை மென்மையான துணியால் துடைத்து, ஈரத்தோடு காற்றில் பிடித்துப் பார்ப்பார். எண் 100 சதவீதத்துக்கு, அதாவது காற்றிலிருந்து நீரில் கரையக்கூடிய முழு அளவுக்கு, பக்கத்தில் நிற்க வேண்டும். பிஎச் சென்சாருக்கு, புரதம் படிந்திருந்தால் பெப்சின் கலந்த நீர்த்த அமிலத்தில் ஊறல், பிறகு பிஎச் 7 கரைசல், அப்புறம் 4. ஒவ்வொன்றிலும் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். புது மின்முனை அரை நிமிடத்தில் நின்றுவிடும். இரண்டு மூன்று நிமிடம் ஆகியும் எண் ஊர்ந்துகொண்டே இருந்தால், அதைக் கழற்றிவிட்டுப் புதியதை எடுத்து மாட்டுகிறார்.