பனியில் ஸ்போர்ட் ஏ.டி.வி.: உருகிய நீர் உறையும் இடங்கள்

குளிர்காலத்தில் ஸ்போர்ட் ஏ.டி.வி. (கரடுமுரடான தடத்தில் வேகமாக ஓட்டும், திறந்த நான்கு சக்கர வண்டி) ஓட்டுபவர்களிடம் அடிக்கடி கேட்கும் கவலை, ‘எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா?’ என்பது. அதைவிட முக்கியமான கேள்வி, ஓடுகிற எஞ்சினின் வேகம் விரலை எடுத்ததும் அடங்குமா என்பது.

பின்சக்கரங்கள் வாரி அடிக்கும் பனித்தூள் எஞ்சின் சூட்டில் உருகுகிறது. அந்த நீர் ஆக்சிலரேட்டர் கேபிளின் உறைக்குள்ளும் கைப்பிடியில் உள்ள கட்டைவிரல் லீவரின் கூட்டுக்குள்ளும் இறங்கிவிடும். வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும், உறைந்து கெட்டியாகிவிடும். பிறகு கிளப்பி லீவரை அழுத்தினால் ஆக்சிலரேட்டர் திறந்தபடியே நின்றுகொள்ளும். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் இன்னொரு வழியும் உண்டு. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் மேலும் குறைவதால், காற்றின் ஈரமே, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடின் மேல் பனியாகப் படியும். கடுங்குளிரைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரமான நாட்களில்தான் இதற்கு வாய்ப்பு அதிகம்.

அதனால் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும் லீவரை முழுக்க அழுத்தி விடுங்கள். ‘டக்’கென்று திரும்ப வேண்டும். ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பியும் இதைச் செய்து பாருங்கள். கேபிளுக்குள் கிரீஸ் போடாதீர்கள், அது குளிரில் மெழுகாக இறுகும். கேபிளுக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய் போதும். கேபிள் முனையின் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் மாற்றுங்கள். எஞ்சினை அணைக்கும் கயிற்றுச் சுவிட்சைக் கையில் மாட்டாமல் பனியில் இறங்கவே கூடாது. ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் முதலில் சுவிட்ச், பிறகு பிரேக். கிளட்சை மட்டும் பிடித்தால் எஞ்சின் தறிகெட்டுச் சுழலும்.

ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர் பாக்ஸின் மூடியைக் கழற்றி வைத்து ஓட்டும் பழக்கம் கோடையோடு போகட்டும். பனித்தூள் நுரை ஃபில்டரில் பட்டு, உருகி, உறைந்து மூச்சை அடைத்துவிடும். எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் சுவாசக் குழாயும் இப்படித்தான் அடைபடும். உள் அழுத்தம் வெளியேற வழியில்லாமல், சீல் வழியாக ஆயில் கசியும். புது சீல் போட்டும் கசிகிறது என்றால் அந்தக் குழாயைப் பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும்போது பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது. கூலண்ட் குறையவில்லை என்றால், ஐந்து நிமிடம் ஓட்டி அணைக்கும் பழக்கமே பெரும்பாலும் காரணம். ஆயிலை மாற்றிவிட்டு, இனி ஒவ்வொரு முறையும் இருபது, முப்பது நிமிடமாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும்படி ஓட்டுங்கள்.

வண்டியின் கையேடு அனுமதித்தால், ஆயிலை 10டபிள்யூ-40-இலிருந்து குளிரில் எளிதாக ஓடும் 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40 சிந்தெட்டிக்குக்கு மாற்றலாம். கிளட்ச் அதே ஆயிலில் நனைவதால் டப்பாவில், நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜாசோ எம்.ஏ. தரக்குறி அவசியம். கூலண்டும் நீரும் சரிபாதி என்றால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். ‘தண்ணீரே வேண்டாம்’ என்று கூலண்டை மட்டும் ஊற்றுவது தவறு. சுத்த எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். முழுக்க இறங்கிய லெட்-ஆசிட் பேட்டரி மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து வெடிப்பு விடக்கூடும்.

காற்று 20 டிகிரியிலிருந்து மைனஸ் 20-க்குப் போகும்போது சுமார் 16 சதவீதம் அடர்த்தியாகிறது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் விகிதம் குறைந்து பிஸ்டன் அதிகம் சூடாகும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டிப் பாருங்கள். இன்ஜெக்ஷன் வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

டயர் காற்றில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 20 டிகிரி வெப்பமுள்ள கொட்டகையில் 4 பி.எஸ்.ஐ. அடித்து வெளியே மைனஸ் 10 டிகிரிக்குக் கொண்டுபோனால், மீதி இருப்பது 2 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல். காருக்கு 2 பி.எஸ்.ஐ. குறைவது பெரிய விஷயமில்லை. இங்கே அது பாதிக் காற்று. திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வெளியே அரை மணி நேரம் குளிரவிட்டு, குறைந்த அழுத்தம் காட்டும் மானியால் அளந்து நிரப்புங்கள்.

ஸ்போர்ட் ஏ.டி.வி. பின்சக்கரம் மட்டுமே இழுக்கும், பின் ஆக்ஸில் தாழ்வாக அமைந்த வண்டி. முழங்கால் ஆழப் பனியில் இறக்கினால் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். சிக்கினால் லீவரை அழுத்தி முடுக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். சக்கரத்தின் முன்னும் பின்னும் காலால் மிதித்து இறுக்கி, ஆட்டி ஆட்டி வெளியே எடுங்கள். இறுகிய பனிக்குத் தடித்த ரப்பர் கட்டைகள் வைத்த டயரும், பனிக்கட்டிக்கு ஆணி பதித்த டயரும் வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தோல் உணர்வது மைனஸ் 21 டிகிரியை ஒட்டிய குளிர். முதலில் மரத்துப்போவது லீவரை அழுத்தும் கட்டைவிரல், அப்புறம் வேகக் கட்டுப்பாடும் போய்விடும். ஹேண்டில்பாரில் காற்றுத் தடுப்பு உறை மாட்டுங்கள். சூடேற்றும் கைப்பிடி போடும் முன், வண்டிக்கு மின்சாரம் தரும் ஸ்டேட்டர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று பாருங்கள்.

ஓட்டி முடித்ததும் கடைசி நூறு மீட்டர் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வாருங்கள், டிஸ்க் உலரும். பார்க்கிங் பிரேக் போட்டு விட்டால் பேடு டிஸ்க்கோடு உறைந்து ஒட்டும். செயின் மேலும் ரேடியேட்டர் இடுக்குகளிலும் அடைந்த பனியை உறைவதற்கு முன் தட்டி எடுங்கள். வண்டியைப் பலகை மேல் நிறுத்துங்கள். காலையில் டயர் தரையோடு ஒட்டியிருந்தால் கியர் போட்டு இழுக்க வேண்டாம், செயின் அறுந்துபோகும். நியூட்ரலில் வைத்து முன்னும் பின்னும் தள்ளி விடுவியுங்கள்.