நடன நெறியாள்கை என்னும் குழப்பம்

யாழ்ப்பாணத்தில் நாட்டிய நாடகம் ஒன்று மேடையேறினால், அழைப்பிதழில் 'நடன நெறியாள்கை' என்ற வரி தவறாமல் இருக்கும். அண்மையில் கைக்கு வந்த ஒன்றில் மேலே 'நெறியாள்கை' என்று ஒருவர், அதற்குக் கீழே 'நடன நெறியாள்கை' என்று இன்னொருவர். ஆட்ட அசைவுகளான அடவுகளைக் கோத்தவர் யார், முழு நாடகத்தையும் நடத்தியவர் யார் என்பது அச்சடித்தவருக்கே தெரிந்திராது.

ஆட்டத்தை ஆக்கும் வேலையைக் குறிக்கும் கொரியோகிராபி என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குவதற்குத்தான் இந்தப் பாடு. ஆடல், எழுதுதல் என்ற இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. 1700இல் ஃபெயே என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட நூலில், ஆட்டத்தைக் குறியீடுகளால் தாளில் எழுதும் முறைக்கே அது பெயர். ஆட்டத்தை ஆக்கும் தொழிலுக்குப் பெயரானது பிறகுதான்.

நெறியாள்கை என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. ஈழத்து நாடகக்காரர் வளர்த்த சொல். தமிழகத்தாரின் 'இயக்க'த்தைவிட அழகானது. ஆனால் நடிப்பு, ஒளி, காட்சி, ஆட்டம் அனைத்தையும் ஒரே நோக்கில் கொண்டுசெல்லும் வேலைக்கு உரியது அது. அதன் முன்னால் 'நடன' என்று ஒட்டினால் ஆக்கும் வேலை நடத்தும் வேலையாகிவிடுகிறது.

அமெரிக்கரான ட்வைலா தார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நவீன நடனம், பாலே, திரைப்படம், நியூயோர்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயின் இசைநாடகம் எல்லாவற்றிலும் கை வைத்தவர். 1979இல் வந்த 'ஹெயர்' படத்தின் நெறியாளர் மிலோஸ் ஃபோர்மன். ஆட்டங்களை ஆக்கியவர் தார்ப். 2002இல் பிராட்வேயில் ஏறிய 'மூவின் அவுட்' இசைநாடகத்தில் இரண்டு வேலையும் அவருடையதே. இரண்டுக்கும் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கிடைத்தது ஆட்டத்தை ஆக்கியதற்கு மட்டும். இதை நம் மொழிபெயர்ப்பாளர் எப்படி எழுதுவார்? 'நெறியாள்கைக்குக் கிடைக்கவில்லை, நடன நெறியாள்கைக்குக் கிடைத்தது' என்றா? வாசிப்பவர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

'நடன அமைப்பாளர்' என்று சிலர் சொல்கிறார்கள். தமிழகத்தில் செல்லலாம். இங்கே அமைப்பாளர் என்றதும் கட்சியின் தொகுதி அமைப்பாளர்தான் நினைவுக்கு வருவார். மண்டபம் பிடித்துக் கதிரை அடுக்கியவர் என்று எண்ணினாலும் குற்றமில்லை. 'நட்டுவாங்கம்' என்று போடுவது இன்னும் மோசம். அது தாளம் தட்டி, தாள ஒலிகளான சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துவது. கூத்தில் அண்ணாவியார் பழக்குவார், தாளம் பிடிப்பார், எல்லாவற்றையும் ஒருவரே பார்ப்பார். அங்கே பிரித்துச் சொல்லத் தேவை எழவில்லை.

என் தெரிவு ஆடலாசிரியர், வேலைக்கு ஆடலாக்கம். புதுச்சொல்லும் அல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலாசிரியனுக்கு இலக்கணம் கூறும்போது, கூத்துகளைப் 'புணர்த்து', அதாவது சேர்த்துக் கட்டி, என்கிறது. ஆக்குபவன் செய்வது அதைத்தானே. ஆசிரியர் என்றால் பள்ளிக்கூடத்து நடன ஆசிரியரோடு குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாடலாசிரியர் எங்காவது பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாரா? சங்கீத ஆசிரியர் வேறு, பாடலாசிரியர் வேறு என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். அதே கணக்கில் பழக்குபவர் நடன ஆசிரியர், ஆக்குபவர் ஆடலாசிரியர்.

சினிமா விளம்பரத்தின் 'மாஸ்டர்' எனக்குப் பொருட்டல்ல. அது பட்டம், மொழிபெயர்ப்பு அல்ல. ஆனால் சென்னைத் தாளைப் பார்த்து 'நடன இயக்குநர்' என்று எழுதிவிட்டு, அதே பக்கத்தில் கல்வித் திணைக்களத்துக்குப் 'பணிப்பாளர்' என்று போடும் நம் நாளிதழ்காரருக்கு, இயக்குநர், பணிப்பாளர் இரண்டும் 'டிரெக்டர்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லின் தமிழ் என்பது தெரியுமா என்றே சந்தேகமாக இருக்கிறது.