குவாண்டம் சில்லில் இருப்பது கணித மாதிரி, பொருள் அல்ல

மீக்கடத்தி (மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) மின்சுற்றுகளால் ஆன குவாண்டம் சில்லில் பொருள்களின் கணித மாதிரியை நடத்திப் பார்த்தே, அறை வெப்பநிலையில் இயங்கும் மீக்கடத்தியை விரைவிலேயே கண்டறிந்துவிடலாம் என்று உறுதி கூறும் ஆய்வுத் திட்டம் ஒன்று மதிப்பீட்டுக்காக மறுபடியும் என் மேசைக்கு வந்திருக்கிறது. இத்தகைய திட்டங்களைப் படித்துச் சலித்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

சில்லில் உள்ள டிரான்ஸ்மான் எனப்படும் நுண்ணிய மீக்கடத்திச் சுற்றுகள் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனவை. ஆனால் அங்கே ஆராயப்படுவது அலுமினியமும் அல்ல, அதன் மீக்கடத்தலும் அல்ல. ஒரு சுற்றிலுள்ள நுண்ணலைக் கிளர்ச்சி (அச்சுற்று ஏற்கும் ஓர் அலகு ஆற்றல்) அடுத்த சுற்றுக்குத் தாவுகிறது. ஒரே சுற்றில் இரண்டு கிளர்ச்சிகள் சேர்ந்தால் ஆற்றல், அதிர்வெண் கணக்கில், சில நூறு மெகாஹெர்ட்ஸ் மாறுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து துகள்கள் தளத்துக்குத் தளம் தாவி ஒன்றையொன்று பாதிப்பதை விவரிக்கும் போஸ்-ஹப்பர்டு மாதிரியின் கணிதத்தை அப்படியே நடத்திக்காட்டுகின்றன. சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2019இல் 8 டிரான்ஸ்மான்களின் வரிசையில், இழந்த ஒளித்துகள்களை (அதாவது அந்தக் கிளர்ச்சிகளை) ஈடுசெய்தபடியே, துகள்கள் இடம்பெயராமல் தத்தம் தளங்களில் நிற்கும் மாட் மின்காப்பு நிலையை நிலைநிறுத்தியது இவ்வழியில்தான். மிக அழகான சோதனை அது. ஆயினும் அங்கே புதிய பொருள் எதுவும் பிறக்கவில்லை.

உண்மையான பொருளிலுள்ள எலக்ட்ரான்கள் ஃபெர்மியான்கள் (ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாத துகள்கள்), சில்லிலுள்ள நம் கிளர்ச்சிகளோ போஸான்கள் (ஒரே நிலையில் எத்தனையும் சேரக்கூடியவை). எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன, டிரான்ஸ்மானில் இடைவினை இயல்பாகக் கவர்ச்சி வகையைச் சேர்ந்தது. பொருளுக்குள் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை குறைவதில்லை, சில்லிலோ கிளர்ச்சி சில பத்து அல்லது சில நூறு மைக்ரோநொடிகளில் மறைந்துவிடுகிறது. ஃபெர்மியான்களைக் க்யூபிட்களில் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளில்) குறியீடாக்க வழியுண்டு என்றாலும், இருபரிமாணத் தள வலையில் ஒவ்வொரு தாவலுக்கும் கூடுதல் வாயில்கள் (க்யூபிட்கள் மீதான செயல்படிகள்) தேவைப்படுவதால் பிழைகள் குவிகின்றன என்பதைத் திட்டம் எழுதுவோர் பெரும்பாலும் கணக்கில் கொள்வதே இல்லை.

"எந்த மீக்கணினியாலும் முடியாது" என்ற தலைப்புகளையும் உடனே நம்பிவிடாதீர்கள். 2023 ஜூனில் 127 க்யூபிட்களில் ஐபிஎம் நடத்திய ஐசிங் மாதிரிச் (நுண்காந்தங்களின் கணித மாதிரி) சோதனை வெளியான சில வாரங்களிலேயே, டென்சர் வலையமைப்பு முதலிய கணக்கீட்டு முறைகளால் அதே விடைகளைச் சாதாரணக் கணினிகளில் பல குழுக்கள் பெற்றுவிட்டன. அச்சோதனையின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. தலைப்பின் மதிப்புதான் குறைந்தது.

எனவே எந்த மாதிரி, எத்தனை தளங்கள் (துகள்கள் இருக்கக்கூடிய இடங்கள்), விடையை எதனோடு ஒப்பிட்டார்கள், அளவீடுகளில் எவ்வளவை ஒதுக்கித் தள்ளினார்கள் என்று கேளுங்கள். இவற்றுக்கு விடையில்லாத செய்தியைப் பகிராதீர்கள். மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே தளத்தில் இரண்டு துகள்கள் இருக்க முடியாத நிலையில், 12 தளங்களில் 6 துகள்களுக்கு 924 நிலைகளே உண்டு. உங்கள் மடிக்கணினி நொடியில் தீர்க்கும் அந்தக் கணக்கை முதலில் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு, அந்த விடையைத் திட்டத்தோடு இணைத்து அனுப்புங்கள்.